கனடாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும்

1

ஒவ்வொரு முறை திருச்சிக்கு வரும்போதும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "உங்க ஊர்ல எந்தப் பொருள வாங்கினாலும் பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடலாமாமே? தபால் செலவுகூட கிடையாதாம், ஸ்டிக்கர் அவங்களே அனுப்பிடுவாங்களாமே?" உங்க ஊர் என்பது கனடா. நானும் பெருமையாக ஆமாம் என்று தலையாட்டிவிட்டு காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன். விளக்கம் சொல்லப் பொறுமை இருந்ததில்லை. இந்த வருடம் அந்தப் பெருமை எல்லாம் போய் வெறும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதனால் கேட்டவர்களுக்கும் இனி கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

திருப்பி அனுப்பலாம் என்பது உண்மை. ஆன்லைனில் வாங்கியது சரியில்லை என்று எழுதினால் மெயிலில் ஒரு லேபிள் வரும். அதில் தபால் கட்டணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் ஒட்டி, சொன்ன இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் முடிந்தது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். பிரிண்டர் யார் வீட்டில் இருக்கிறது? இருந்தால் அதில் மை இருக்காது. மை இருந்தால் கோடு கோடாக விழும். அந்தக் கோடு சரியாக பார்கோடு மேல்தான் விழும். பெட்டியில் ஏற்கெனவே இருந்த பழைய லேபிளை மறைக்காமல் விட்டால் மெஷின் அதைப் படித்துவிட்டுப் பெட்டியை நம் வீட்டுக்கே திருப்பி அனுப்பும். எங்கள் வீட்டு வாசலுக்கு அப்படித் திரும்பி வந்த ஒரு ஜோடி பூட்ஸ், மனைவி கலா அதைத் தன் தங்கையின் மகனுக்குக் கொடுத்த பிறகுதான் கண்ணை விட்டு மறைந்தது.

சனிக்கிழமை காலை எனக்கு இதுதான் வேலை. கலா வாங்கிய திரைச்சீலை, மகள் நித்யா மூன்று அளவில் வாங்கி இரண்டைக் கழித்த கோட்டு, எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். ஒரு லேபிளுக்குத் தபால் ஆபீஸ், இன்னொன்றுக்கு மருந்துக்கடையின் பின்பக்கக் கவுன்ட்டர், மூன்றாவதுக்குப் பெட்ரோல் பங்க். பங்கிலிருக்கும் பெண் "இது எங்க கம்பெனி இல்லையே" என்பாள். "ஏற்கெனவே பணம் கட்டியாச்சும்மா" என்று என் இங்கிலீஷில் ஏதோ சொல்லுவேன். வந்த புதிதில் வீட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்ப் பேசுவேன். இப்போதெல்லாம் நேரே போய்த் தடுமாறுகிறேன். அவள் புன்னகையோடு வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அந்தப் புன்னகையை எதிர்த்து எந்த மேலதிகாரியிடமும் முறையிட முடியாது.

2

இந்தத் தடவை விஷயம் கோட்டோ பூட்ஸோ இல்லை. அக்காவின் காது.

வசந்தா அக்கா ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் கிடையாது. எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். திருச்சி என்று நான் சொன்னால் இன்று அதற்கு அர்த்தம் அக்கா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, அவளுக்குச் சாயங்காலம், நான் போன் செய்வேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஜுரத்தில் கிடந்தால் ஒழிய அந்தப் போன் நின்றதில்லை.

போன வருடத்திலிருந்து அந்தப் பேச்சு கெட ஆரம்பித்தது. நான் ஒன்று கேட்டால் அவள் பாட்டுக்கு வேறொன்று சொல்லிக்கொண்டு போவாள். கத்த வேண்டியிருந்தது. கத்திக்கொண்டு ஒருவரிடம் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, மழை உண்டா, மாத்திரை போட்டாயா. வேலையில் எனக்குக் கீழே இருந்தவன் மேலதிகாரியாக வந்ததையும், நித்யா வீட்டுக்கு வருவதே அபூர்வமாகிவிட்டதையும் கத்திச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் பேசாமலே ஆகிவிட்டோம். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுநடுவே ஆங் என்போம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நானும் கலாவும் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது, அவளுக்குத்தான் கேட்காதே என்று. இப்படியே போனால் ஊரில் எனக்குப் பேச ஆளே இல்லாமல் போய்விடும் என்று எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தில்லைநகரில் காது மிஷின் வைத்துத் தருகிற கடை இருக்கிறது, போய்ப் பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டாள். "அங்கெல்லாம் வாங்காத, நான் இங்கேருந்து நல்லதா கொண்டு வரேன்" என்று நான்தான் தடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு இந்த ஒரு ஜம்பமாவது வேண்டாமா?

ஆன்லைனில் வாங்குவது எங்கள் வீட்டில் நித்யாவின் இலாகா. அவள் வேலை கிடைத்து ஊரின் மறுகோடியில் தனி அறை எடுத்துக்கொண்டு போன பிறகும் அப்படித்தான். செய்தி அனுப்பினேன். "ஓகே" என்று பதில். அவள் பேரில், அவள் கணக்கில், ஒரு ஜோடி காது மிஷின் வந்து சேர்ந்தது. கூழாங்கல் போல ஒரு வெள்ளை டப்பா. அதற்குள் வைத்தால் சார்ஜ் ஏறும். அதைக் கைப்பையில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் ஸ்ரீரங்கம் கொண்டு வந்தேன்.

3

மாட்டிவிட்ட அன்றைக்கு அக்கா ஒரு மணி நேரம் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். "மேல் வீட்டுக்காரங்க நாற்காலிய இழுத்துக்கிட்டே இருக்காங்கடா. இவ்வளவு நாளா இப்படியா இழுத்துக்கிட்டு இருந்தாங்க?" குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் போகிற ஆட்டோ டிரைவரைத் திட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலம் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்து போய் வந்தோம். படித்துறையில் உட்கார்ந்து மெதுவான குரலில் நித்யாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அவ விலகிப் போகலடா, வளந்துட்டா. உனக்குத்தான் வேலையத்துப் போச்சு" என்றாள். ஒரு வருடத்தில் என் பேச்சுக்குப் பொருத்தமாக அவள் சொன்ன முதல் பதில் அது.

அடுத்த நாளே வலது காது மிஷின் செத்துப்போனது. டப்பாவில் வைத்தாலும் எடுத்தாலும் அதில் உயிரில்லை.

நித்யா கம்பெனியோடு சாட்டில் பேசினாள். ஒன்றை மட்டும் மாற்ற மாட்டார்களாம். இரண்டு மிஷினும் டப்பாவும் வர வேண்டும், வந்த பிறகு புதிய ஜோடி அனுப்புவார்களாம், அதற்கும் ஒரு கெடு. லேபிள் வந்தது. பெரிய எழுத்தில் கட்டணம் செலுத்தப்பட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில், கனடாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அந்தச் சின்ன எழுத்தை அன்றைக்கு நான் படிக்கவில்லை.

பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் லேபிளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டாம்ப் எங்க சார்?"

"ஏற்கெனவே பணம் கட்டியாச்சுங்க. அதுல போட்டிருக்கு பாருங்க."

"யார்கிட்ட கட்டினீங்க?"

"கம்பெனி கட்டியிருக்கு. கனடாவுல."

"அங்க கட்டினத அங்கதான சார் எடுத்துப்பாங்க. இங்க நாங்க என்ன பண்றது?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி, நானே கட்டுகிறேன் என்றேன். உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னேன். "பேட்டரி இருக்குங்களா? பேட்டரி போட்டா ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க சார்."

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பக்கத்துக் கூரியர் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் பேட்டரி என்றதுமே கையை விரித்தார். இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கனடா கஸ்டம்ஸில் இது புதுப் பொருளா பழைய பொருளா, விற்பனைக்கா பரிசா என்று கேட்பார்கள் என்றார். திரும்பப் போகிற பொருள் என்றேன். அப்படி ஒரு கட்டம் அவர் ஃபாரத்தில் இல்லை. நான் கனடா திரும்பும் தேதியோ கெடுவுக்குப் பிறகு. சாட்டில் இருக்கும் நபரிடம் கெடுவை நீட்டிக்கச் சொல் என்று நித்யாவுக்கு எழுதினேன். "அது நபர் இல்லப்பா, பாட். கம்ப்யூட்டரே பதில் சொல்லுது" என்று பதில் வந்தது.

4

கடைசியில் ஊர் வழக்கப்படியே வழி பிறந்தது. யாராவது போறாங்களா?

திருச்சியில் இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் உண்டு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இங்கிருந்து ஊறுகாயும் மாத்திரையும் ஜாதகமும் போவது தபாலில் இல்லை, யாருடைய பெட்டியிலாவதுதான். பாலக்கரையில் தோல் செருப்புக் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் பாய் என்னோடு பள்ளியில் படித்தவர். அவர் மகன் கனடாவில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறான், பேரனைப் பார்க்க அந்த வாரமே கிளம்புகிறார். கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"காது மிஷின்தான? என் பாக்கெட்லயே வச்சுட்டுப் போயிடறேன். அக்காவுக்கு இது கூட செய்யலேன்னா எப்படி? எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவங்க அவங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "லேபிள் கிபிளெல்லாம் என்கிட்ட குடுக்காத. உன் பொண்ணு வந்து வாங்கிக்கட்டும்."

அன்றைக்கு அக்கா இடது காதிலிருந்த நல்ல மிஷினையும் கழற்றினாள். கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நான் கட்டித் தரேன், நீ போய்க் குளி" என்றாள். குளித்துவிட்டு வந்தபோது டப்பா துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டித் தயாராக இருந்தது. டீச்சர் கட்டிய கட்டு, அவிழ்க்கக் கத்தரிக்கோல் வேண்டும். இப்ராஹிம் பாய் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் வேலையில் ஒரு பழுது இல்லை.

5

நித்யா பாயின் மகன் வீட்டுக்குப் போய் வாங்க வேண்டும், பெட்டியில் போட வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், தபாலில் சேர்க்க வேண்டும். நாலு வேலை. வாங்கிவிட்டாள். பிறகு சத்தம் இல்லை. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து செய்தி மேல் செய்தி அனுப்பினேன். "அப்பா, ரிலாக்ஸ்" என்று வந்தது. அவள் பெட்டிக்குள் டப்பாவை நூல் கட்டோடு அப்படியே போட்டு, ஆபீஸில் லேபிளைப் பிரிண்ட் எடுக்கப் போனபோது லேபிள் காலாவதியாகிவிட்டது. கெடு முடியவில்லை, லேபிள் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் வேறு வேறு ஆயுசு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புது லேபிள் வேறொரு கூரியர் பேரில் வந்தது. அவள் பழைய கூரியரின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அது எங்கெங்கோ சுற்றி, கெடுவுக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நான் அப்போது கனடா திரும்பியிருந்தேன்.

பிறகு ஒரு நாள் நித்யாவே போன் செய்தாள். அவளே போன் செய்வது எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி. எடுத்தவுடன், "அப்பா, அந்த பாக்ஸ்ல என்ன போட்டீங்க?" என்றாள்.

"மிஷின்தான்."

"இல்ல. ஃபோட்டோ அனுப்பியிருக்காங்க. பாருங்க."

கையுறை போட்ட விரல் ஒன்று வெள்ளை டப்பாவைத் திறந்து பிடித்திருந்தது. மிஷின்கள் உட்காரும் குழிகளுக்கு நடுவே, துடைக்கும் பிரஷ் வைக்கிற இடத்தில், இரண்டு கல்கண்டு. சுற்றிலும் சர்க்கரைத் தூள். வெயிலிலும் வேர்வையிலும் பிசுபிசுத்துச் சார்ஜ் ஏறும் ஊசிகள் மேலெல்லாம் அப்பியிருந்தது. இது என்ன ரசாயனப் பொருள் என்று கம்பெனி கேட்டிருந்தது.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. பொன்மலை குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். யார் சமையலும் யாருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதில் மட்டும் எல்லா வீடும் ஒன்று. அடியில் ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு பிடி அரிசி, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு வெல்லத் துண்டு. பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அக்காவுடையது.

அக்காவுக்கு வீடியோ போட்டு, ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டிக் கேட்டேன், கல்கண்டு போட்டாயா என்று மட்டும். "ஆமா, போட்டேன். மிஷின் அவங்களோடது. நம்ம பக்கத்துலேருந்து ஒண்ணும் போகலேன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் முகம் மலர. அதற்கு மேல் என்னால் எதையும் எழுதிக் காட்ட முடியவில்லை. கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கிறது, வந்துவிடும் என்று எழுதினேன்.

நித்யாவுக்கு விளக்குவது அதைவிடச் சிரமமாக இருந்தது. "ஆனா ஏன்ப்பா? வேர்ஹவுஸ்ல இருக்கறவங்க அத சாப்பிடுவாங்களா?" தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதி புரியாது, இங்கிலீஷில் சொன்னால் எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்து ஆயுசில் திருப்பிக் கொடுத்த பாத்திரங்களைவிட அவள் திருப்பி அனுப்பிய பொருள்கள் அதிகம். ஒன்றில்கூட யாருக்கும் எதுவும் வைத்து அனுப்பியதில்லை. அது அவள் தப்பும் இல்லை. லேபிளுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பதை எனக்கே யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அவள் விடவில்லை. தன் பாட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு நீளமாக எழுதினாள். என் அத்தை, எங்கள் வழக்கம், மரியாதைக்காகச் செய்தது, தயவுசெய்து பாருங்கள் என்று. படித்துப் பார்த்தேன், நன்றாகவே எழுதியிருந்தாள். பதில் வந்தது. உங்கள் கலாசாரத்தை எங்களுடன் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. அந்நியப் பொருளால் ஏற்பட்ட சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். நித்யா மறுபடி எழுதினாள். அதே பதில், அதே நன்றி. வலது மிஷின் கல்கண்டு போவதற்கு முன்னாலேயே செத்தது என்று நான் போனில் மன்றாடினேன். எனக்காக வருத்தப்படுவதாக ஒரு குரல் சொல்லிவிட்டு, இந்தச் சேவைக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. பெட்டி எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. இப்போது இடது மிஷினும் வேலை செய்யவில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல அக்காவுக்குப் போன் செய்தேன். சமையலறை மேடையில் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன், கலா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது, லிஃப்ட் ரிப்பேர், கீரை விலை. பக்கத்தில் அந்தப் பெட்டி கிடந்தது.

கலா அதைக் கண்ணால் காட்டி, "இத என்னங்க பண்ணப் போறீங்க?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குள் இருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற குரல்தான். "என்னத்தப் பண்றது, குப்பைல போட வேண்டியதுதான். எத்தன அலைச்சல், எத்தன பேர் கால்ல விழுந்தேன். எல்லாத்தையும் இவங்க ஒரு கல்கண்டப் போட்டுக் கெடுத்துட்டாங்க. பெரிய மரியாதை. இனிமே நான் எதையும் வாங்கித் தரப்போறதில்ல, செவிடாவே இருந்துட்டுப் போகட்டும்."

போனில் கீரை விலை நின்றிருந்தது.

லைன் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். போகவில்லை. "கேக்குதுடா சேகரு" என்றாள் அக்கா.

கலா அடுப்பை அணைத்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எதிர் ஃப்ளாட்டு சரஸ்வதி தில்லைநகருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கடையில உக்கார வச்சு, காதுல அச்சு எடுத்து, நேத்துதான் மாட்டி விட்டாங்க. சரியில்லேன்னா வாங்க, பாத்துத் தரோம்னாங்க. உனக்கு எதுக்கு இன்னும் அலைச்சல்னு தோணிச்சு. கடைசில சொல்லலாம்னு இருந்தேன். நீ பேசறத முதல்ல கேட்டுட்டு சொல்லலாம்னு காலைலேருந்து போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை நானும் அவளும் எங்களுக்குள் இதுவரை பேசியது கிடையாது. அவள் காது கேட்க வேண்டும் என்று பட்ட பாடெல்லாம் பட்டுவிட்டு, அது மறுபடி கேட்ட முதல் போனில் நான் கொடுத்தது இதுதான்.

"கல்கண்டாலயா கெட்டுப் போச்சு?" என்று கேட்டாள். "நீ சொல்லவே இல்லையேடா."

"அங்க மழை உண்டாக்கா?" என்றேன். வாயில் அதுதான் வந்தது. ஒரு வருடப் பழக்கத்தில் குரல் தானாகவே உச்சத்துக்குப் போயிருந்தது.

"மெதுவா பேசு சேகரு, ஏன் கத்தற?" என்றாள் அக்கா.